போன் ஜன்னலில், லேப்டாப் மேசையில்: நீலகிரியில் மொபைல் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர எந்த வழி?

கோயம்புத்தூரில் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: போனைக் கேபிளில் மாட்டு, யூஎஸ்பி டெதரிங்கை (போனின் நெட்டைக் கேபிள் வழியே கம்ப்யூட்டருக்குத் தரும் வசதியை) போடு, வேலை முடிந்தது. கேத்தி பள்ளத்தாக்கிலோ கீழ்க்கோத்தகிரியிலோ அந்தப் பதில் பல வீடுகளில் செல்லாது. போனோடு வரும் கேபிளின் நீளம் ஒரு மீட்டர். சிக்னலோ மேசையிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி, எதிர்ச்சரிவைப் பார்த்த ஜன்னலில் இருக்கும். அதனால் மலையில் கேபிளா, போனே வைஃபை தரும் ஹாட்ஸ்பாட்டா, தனி சிம் போடும் ரௌட்டரா என்பதை வேகத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. போன் எங்கே உட்கார்ந்தால் சிக்னல் கிடைக்கிறது, நீங்கள் எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள், நடுவே எத்தனை கல்சுவர் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் வீட்டை அளந்து பாருங்கள்

போனின் மேல் ஓரத்தில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனி போனில் மூன்று கோடு காட்டும் சிக்னல், இன்னொன்றில் ஒரு கோடாகத் தெரியும். பல ஆண்ட்ராய்டு போன்களில் டயல் செய்யும் இடத்தில் *#*#4636#*#* என்று அடித்தால் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும். அது திறக்காத போன்களில் ‘அபவுட் போன்’ பகுதிக்குள் சிம் நிலவரம் என்ற இடத்தில் பாருங்கள். ஐபோனில் *3001#12345#* அடித்து அழைக்க வேண்டும். அங்கே ஆர்எஸ்ஆர்பி என்ற அளவு, அதாவது டவர் சிக்னலின் பலம், டிபிஎம் என்ற அலகில் மைனஸ் எண்ணாக இருக்கும். பூஜ்யத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. -90 டிபிஎம் அல்லது அதைவிட நல்லது என்றால் எந்த வழியில் இணைத்தாலும் ஓடும். -100 பக்கம் வீடியோ கால் தாங்கும், ஆனால் போனை நகர்த்தக் கூடாது. -110ஐத் தாண்டிவிட்டால் போன் டவரை எட்டுவதற்கே தன் சக்தியைச் செலவழித்துச் சூடாகும். -118, -120 என்றால் வாட்ஸ்அப் செய்தி போகலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

அறை அறையாகப் போய், ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் போனைக் கையில் பிடிக்காமல் வைத்துவிட்டுப் படியுங்கள். அரை மீட்டர் நகர்த்தினாலே ஐந்தாறு டெசிபல் மாறும். மூன்று டெசிபல் கூடினால் சிக்னலின் சக்தி இரட்டிப்பாகிறது என்று பொருள். ஆக அந்த அரை மீட்டர் சாதாரண விஷயம் இல்லை.

சிக்னலுக்கு மாடிக்குப் போ என்று எல்லோரும் சொல்வார்கள். தகரக் கூரை போட்ட வீட்டில் அது தப்பான யோசனை. எஸ்டேட் லைன் வீடுகளிலும் பழைய பங்களாக்களிலும் கூரைத் தகடு சிக்னலைத் தடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறது. உள்ளே வருவதெல்லாம் ஜன்னல், கதவு வழியாகத்தான். பரணில் -115 காட்டும் வீட்டில், கீழே டவரைப் பார்த்த ஜன்னல் விளிம்பில் -96 காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இன்னொன்று: மஞ்சு இறங்கினால் சிக்னல் போய்விடும் என்பது மலையெங்கும் உள்ள நம்பிக்கை. மொபைல் அலைகள் இந்தியாவில் பெரும்பாலும் 700 முதல் 3600 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளில் ஓடுகின்றன. சில கிலோமீட்டர் தூரத்துக்கு மஞ்சும் மழையும் அவற்றைக் குறைப்பது மிகச் சொற்பம். மழை நாளில் நெட் படுத்துவிடுவதற்குக் காரணம் வேறு. டவருக்குக் கரண்ட் போயிருக்கும். டவரை அடுத்த மலையோடு இணைக்கும் மைக்ரோவேவ் டிஷ்கள் அதைவிட மிக உயர்ந்த அலைவரிசையில் ஓடுவதால் கனமழை அவற்றைப் பாதிக்கும். நனைந்த கற்பூர மரமும் சீகை மரமும் காய்ந்த நாளைவிட அதிகமாகத் தடுக்கும். இதைத் தெரிந்துகொள்வதில் பயன் உண்டு. மழையில் நெட் போகும்போது ஆர்எஸ்ஆர்பி எண் மாறாமல் இருந்தால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை. எந்தப் பொருளை வாங்கினாலும் அது தீராது.

ஏப்ரல், மே சீசனிலும் இதே கதைதான். ஊட்டி, குன்னூர் டவர்களில் சுற்றுலாக் கூட்டம் ஏறியதும் சிக்னல் எண் அப்படியே இருக்கும், வேகம் மட்டும் தரையில் கிடக்கும். அது நெரிசல். நெரிசலுக்கு ஆன்டெனா மருந்தில்லை, வேறு கம்பெனி சிம்தான் மருந்து. ஆகவே அளப்பதை ஒரு நாளோடு விடாமல், காலை பத்து மணி, இரவு ஒன்பது மணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று மூன்று வேளை பாருங்கள்.

மேசையிலேயே சிக்னல் இருந்தால்: யூஎஸ்பி கேபிள்

மேசை மேல் -100ஐவிட நல்ல எண் வந்தால் யோசிக்கவே வேண்டாம், கேபிள்தான். இணைப்பு விட்டு விட்டு வராது, பக்கத்து வீட்டு வைஃபை குறுக்கிடாது, போனும் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். வைஃபை இல்லாத பழைய டெஸ்க்டாப்புக்கு ஒரு ரூபாய் செலவில்லாமல் நெட் வரும். கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரி உள்ளவரை இரண்டும் ஓடும்.

செய்முறை சின்னது. போனைக் கேபிளில் மாட்டுங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க், அதற்குள் ஹாட்ஸ்பாட் & டெதரிங், அதற்குள் யூஎஸ்பி டெதரிங். அந்தப் பொத்தான் மங்கலாகவே இருந்தால் கேபிள்தான் காரணம்: சார்ஜுக்கு மட்டும் செய்த மலிவுக் கேபிள்களில் டேட்டா கம்பி இருக்காது. விண்டோஸ் 10, 11 இரண்டும் ஆண்ட்ராய்டு போனை ஒரு ஈதர்நெட் கார்டாகத் தானே அடையாளம் கண்டுகொள்ளும். லினக்ஸும் அப்படியே. ஆப்பிள் மேக்கில்தான் சிக்கல்: பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் பயன்படுத்தும் முறை மேக்குக்குத் தெரியாது, புதிய சில மாடல்கள் மட்டும் ஒத்துப்போகும். மேக் வைத்திருப்பவர் நேரே ஹாட்ஸ்பாட்டுக்குப் போய்விடலாம். ஐபோனை விண்டோஸில் மாட்டுவதென்றால் ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் செயலி முதலில் ஏறியிருக்க வேண்டும், இல்லையேல் டிரைவர் கிடைக்காது.

கேபிள் ஒரு தரம் கழன்றால் டெதரிங் அணைந்துவிடும், ஒவ்வொரு முறையும் போனை எடுத்துப் போட வேண்டும். இதற்கு ஒரு வழி உண்டு. ‘அபவுட் போன்’ பகுதியில் பில்டு நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் டீஃபால்ட் யூஎஸ்பி கான்ஃபிகரேஷன் என்ற இடத்தில் யூஎஸ்பி டெதரிங்கைத் தேர்ந்துவிடுங்கள். இந்த வசதி உள்ள போன்களில், அடுத்த முறை மாட்டியதும் நெட் தானே வரும்.

ஜன்னல் மூன்று மீட்டரில் இருந்தால் கேபிளை நீட்டலாமே என்று தோன்றும். யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரை செல்லும் என்பது கணக்கு. நடைமுறையில் மெல்லிய கம்பி கொண்ட மலிவு எக்ஸ்டென்ஷனில் மின்னழுத்தம் குறைந்து, போன் சார்ஜ் ஆவதும் நிற்பதுமாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் நெட் அறுந்து மீண்டும் வரும். மூன்று மீட்டருக்கு மேல் என்றால் நடுவே சிப் வைத்த ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் கேபிள் கேட்டு வாங்குங்கள். லேப்டாப்பின் யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும், அதாவது 2.5 வாட். சிக்னல் மோசமான இடத்தில் போன் அதைவிட அதிகமாகத் தின்னும். கேபிளில் மாட்டியிருந்தும் போன் பேட்டரி இறங்குகிறதே என்ற குழப்பத்துக்கு இதுதான் விடை.

சிக்னல் ஜன்னலில் மட்டும் என்றால்: ஹாட்ஸ்பாட்

மலையில் பெரும்பாலான வீடுகளின் நிலைமை இதுதான். போன் ஜன்னலில், சார்ஜரோடு. நீங்கள் அடுப்புப் பக்கத்திலோ ஹீட்டர் பக்கத்திலோ. வைஃபை கேபிளைவிட மெதுவானது என்ற பேச்சை ஒதுக்கிவிடலாம். டவரிலிருந்து வருவதே நொடிக்கு பத்து, இருபது மெகாபிட் என்றால் வீட்டுக்குள் எந்த வைஃபையும் அதற்குப் போதும். கேபிளோடு ஒப்பிட்டால் குறை ஒன்றுதான்: டேட்டா வந்து சேரும் நேரம் சீராக இருக்காது. வீடியோ காலில் எப்போதாவது குரல் உடையும்.

ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் ஒரே அறைக்குள் நன்றாக இருக்கும், ஒன்றரை அடிக் கல்சுவரைத் தாண்டும்போது துவண்டுவிடும். ஐபோனில் இதற்கு ‘மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ என்று பெயர். அதை இயக்கினால் 2.4க்கு வந்துவிடும். பழைய லேப்டாப் ஹாட்ஸ்பாட்டைக் காணவே இல்லை என்றாலும் முதலில் இதைப் பாருங்கள், பிறகு பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ3 என்பதிலிருந்து டபிள்யூபிஏ2க்கு மாற்றிப் பாருங்கள். யாரும் இணையாமல் இருந்தால் தானே அணையும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் டீ குடித்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறக்கும்போது ஹாட்ஸ்பாட் தூங்கியிருக்கும்.

இந்த வேலைக்கு அன்றாடம் பேசும் போனை ஒதுக்குவது வீண் தொல்லை. அழைப்பு வந்து போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனால் வீட்டில் எல்லோருக்கும் நெட் போகும். அலமாரியில் கிடக்கும் பழைய 4ஜி போன் ஒன்றைத் தனி சிம் போட்டு ஜன்னலுக்கே நேர்ந்துவிடுவது, பணம் குறைந்த வழிகளில் ஆகச் சிறந்தது என்பது இக்கட்டுரையின் பக்கச்சார்பு. அதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, அதன் பேட்டரி உப்பியிருக்கக் கூடாது. பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தாலும் அந்தப் போன் வேண்டாம். இரண்டு, அது எந்தெந்த பேண்டுகளை (அலைவரிசைத் தொகுதிகளை) பிடிக்கும் என்பது. மலைமுகட்டைத் தாண்டி வளைந்து வருவதில் 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் கெட்டி. 2300 மெகாஹெர்ட்ஸ், டவரை நேரே பார்க்கும் வீட்டுக்கு வேகம் தரும். திறந்த வெளியிலேயே 850க்கும் 2300க்கும் சுமார் 9 டெசிபல் வித்தியாசம், நடுவே குன்று வந்தால் இன்னும் கூடும். பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸில் உள்ள பேண்ட் 28 முக்கியம். பழைய போன்கள் பலவற்றில் அது கிடையாது. புது சிம் வாங்கிப் போட்டும் சிக்னல் இல்லை என்று திட்டுவதற்கு முன் போனின் பேண்ட் பட்டியலைப் பாருங்கள்.

ஜன்னலில் வைக்கும்போது இரும்புக் கம்பியிலிருந்து ஒரு சாண் தள்ளி, நிழலில். ஊட்டி குளிர்தானே என்று கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் வைத்தால் மதியம் போன் கொதித்துச் சார்ஜ் ஏறுவதை நிறுத்திக்கொள்ளும். நாள் முழுக்கச் சார்ஜரில் கிடப்பதால் 80 சதவீதத்தோடு நிறுத்தும் பேட்டரிப் பாதுகாப்பு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். இதற்கு நேர் எதிர்: டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் இரவுகளில் போனை வெளித் திண்ணையில் சார்ஜ் போட்டு வைக்கக் கூடாது. பூஜ்யத்துக்குக் கீழ் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

புளூடூத், டாங்கிள்

புளூடூத் டெதரிங்கில் நொடிக்கு ஒன்று, இரண்டு மெகாபிட் கிடைத்தால் அதிகம். மின்னஞ்சலுக்கும் அரசுப் படிவம் நிரப்புவதற்கும் போதும், போன் பேட்டரியும் மெல்லத்தான் இறங்கும். நாள் முழுக்கக் கரண்ட் இல்லாத நாளில் கைகொடுக்கும். மற்ற நாளில் வேண்டாம்.

லேப்டாப்பில் செருகும் சிம் டாங்கிளைப் பலர் இன்னும் கேட்கிறார்கள். நல்ல போனுக்குள் இருக்கும் மோடம் இரண்டு மூன்று பேண்டுகளைச் சேர்த்து இழுக்கும்; கடையில் கிடைக்கும் டாங்கிள்களில் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஒரே பேண்டைத்தான் பிடிக்கும், ஆன்டெனாவும் விரல் நுனி அளவு. அதுவும் லேப்டாப் இருக்கும் இடத்தில்தான் இருக்கும், சிக்னல் இருக்கும் இடத்தில் இருக்காது. மலைக்கு இது பொருந்தாத பொருள்.

சிக்னல் வீட்டுக்கு வெளியேதான் என்றால்: சிம் ரௌட்டரும் ஆன்டெனாவும்

மஞ்சூர், எமரால்டு பக்கத்துச் சரிவுகளில் சில வீடுகளுக்குள் எந்த ஜன்னலிலும் -112க்கு மேல் ஏறாது, கூரைமேல் நின்றால் -100 வரும். அங்கே போன் வழியாக எதைச் செய்தாலும் தலைவலி. வெளி ஆன்டெனா மாட்டும் இரண்டு எஸ்எம்ஏ துளை உள்ள 4ஜி ரௌட்டர் வேண்டும்.

இதில் பணத்தை வீணாக்கும் இடம் கேபிள். 9 டெசிபல் பெருக்கம் தரும் ஆன்டெனாவைக் கூரையில் வைத்து, ஆர்ஜி58 என்ற மெல்லிய கேபிளைப் பத்து மீட்டர் இழுத்தால், 2000 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஏழெட்டு டெசிபலைக் கேபிளே விழுங்கிவிடும். வாங்கியதெல்லாம் கேபிளில் கரைந்துபோகும். எல்எம்ஆர்400 போன்ற தடித்த கேபிளில் இழப்பு மீட்டருக்கு 0.2 டெசிபல் சுமாராக இருக்கும், ஆனால் விலையும் தடிமனும் கூட. புத்திசாலித்தனமான வழி, ரௌட்டரையே கூரையோரம் மழை படாத பெட்டியில் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து வீட்டுக்குள் ஈதர்நெட் கேபிள் இறக்குவது. ஈதர்நெட் 100 மீட்டர் வரை எதையும் இழக்காது, அதே கம்பியில் மின்சாரமும் அனுப்பலாம்.

ஆன்டெனா இரண்டு வேண்டும், ஒன்றை ஒரு பக்கம் 45 டிகிரியும் மற்றதை எதிர்ப்பக்கம் 45 டிகிரியும் சாய்த்து. ஒன்றை மட்டும் மாட்டினால் 4ஜி ஒரே நேரத்தில் அனுப்பும் இரண்டு டேட்டா ஓடைகளில் ஒன்று போய்விடும். திசையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் காத்திருந்து, ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில் எஸ்ஐஎன்ஆர் எண்ணை, அதாவது இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு சுத்தம் என்ற அளவை, பாருங்கள். 13க்கு மேல் நல்லது, பூஜ்யத்துக்குக் கீழ் போனால் அந்தத் திசை வேண்டாம். எதிர்மலையில் பட்டுத் திரும்பும் சிக்னல், நேரே இருக்கும் டவரைவிடச் சுத்தமாக இருப்பதும் பள்ளத்தாக்கில் நடக்கும். கம்பத்தைப் பூமியில் எர்த் செய்யுங்கள். கோடை இடியும் ஐப்பசி இடியும் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிக்னல் பூஸ்டர் என்று விற்கும் பெட்டியை வாங்கிவிடாதீர்கள். உரிமம் பெற்ற கம்பெனியைத் தவிர வேறு யாரும் அதை மாட்டுவது இந்தியாவில் சட்டவிரோதம். அது ஊரில் மற்றவர்களின் இணைப்பையும் கெடுக்கும்.

வங்கியில் பதிந்த எண்ணின் சிம்மைக் கூரை ரௌட்டரில் போட்டுவிட்டால் ஓடிபி எல்லாம் கூரைக்கு வரும். ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில் எஸ்எம்எஸ் படிக்கலாம் என்றாலும், அவசரத்துக்கு அது எரிச்சல். ரௌட்டருக்குத் தனி சிம்.

எந்த வழியானாலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

தினம் 1.5 அல்லது 2 ஜிபி தரும் பேக்கில் கம்ப்யூட்டர் இணைந்ததும் முதலில் அதைத் தின்பது நீங்கள் அல்ல, விண்டோஸ் அப்டேட். செட்டிங்ஸில் அந்த இணைப்பின் பண்புகளுக்குள் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதைப் போடுங்கள். யூஎஸ்பி வழி வரும் நெட் ஈதர்நெட் பெயரிலும் ஹாட்ஸ்பாட் வைஃபை பெயரிலும் தனித்தனியாக இருப்பதால் இரண்டிலும் போட வேண்டும். கணக்கு எளிது: நொடிக்கு 1 மெகாபிட் ஓட்டம் ஒரு மணிநேரத்துக்கு 450 எம்பி. வீடியோ காலில் போவதும் வருவதும் சேர்ந்து 2 மெகாபிட் என்றால் இரண்டு மணி நேரத்தில் 1.8 ஜிபி. 5ஜிக்கு வரம்பில்லை என்று தரும் பேக்கிலும், போன் 4ஜிக்கு இறங்கும் நேரமெல்லாம் தினசரி அளவிலிருந்து கழியும். மலை வளைவுகளில் அது அடிக்கடி இறங்கும்.

இரண்டு சிம் போட்ட போனில், இரண்டாவது சிம்முக்கு அழைப்பு வந்தால் முதல் சிம்மின் நெட் நின்றுபோவது பல மாடல்களில் வழக்கம். ஜூம் கூட்டத்தின் நடுவே நெட் செத்து இரண்டு நிமிடத்தில் தானே உயிர்த்தால் சந்தேகம் இதன்மேல் வரட்டும்.

ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் கேட்பது கேமரா. மொபைல் நெட்டில் உங்களுக்கென்று வெளியே தெரியும் தனி இணைய முகவரி (ஐபிவி4) கிடைப்பதில்லை. ஒன்றையே பலர் பங்கிடுகிறார்கள். பழைய முறையில் போர்ட் திறந்து வெளியூரிலிருந்து பார்க்கும் டிவிஆர் (கேமராப் பதிவுப் பெட்டி) அதனால் ஓடாது. கேமரா கம்பெனியின் சர்வர் வழியாகச் செயலியில் காட்டும் வகைக் கேமரா ஓடும்.

கூடலூர், பந்தலூர், சேரம்பாடி பக்கம் போன் கேரள டவரைப் பிடித்துக்கொள்ளும், மசினகுடி தாண்டினால் கர்நாடக டவர். முழு சிக்னல் இருந்தும் நெட் இல்லை என்றால் டேட்டா ரோமிங்கைப் போட்டுப் பாருங்கள்; இந்தியாவுக்குள் வழக்கமான பேக்குகளில் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. டவர் மாறி மாறிப் பிடிப்பதால் அலுவலக விபிஎன் அறுந்துகொண்டே இருந்தால், தானியங்கித் தேர்வை நிறுத்தி ஒரு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்துவிடுங்கள்.

கடைசியாகக் கரண்ட். ரௌட்டர் 6 வாட் எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால், 3.7 வோல்ட் கணக்கில் 8000 எம்ஏஎச் எழுதிய மினி யூபிஎஸ்ஸில் இருப்பது சுமார் 30 வாட்மணி. இழப்பு போக நான்கு மணி நேரம் வரும். ஜன்னல் போனுக்கு ஒரு பவர்பேங்க் போதும். ஆனால் டவரின் பேட்டரியும் டீசலும் தீர்ந்துவிட்டால் உங்கள் யூபிஎஸ் எதற்கும் ஆகாது. அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய 2019 ஆகஸ்டு போன்ற மழையில் மண் சரிந்து, சாலையோடு சேர்ந்து கம்பிகளும் போகும். இரண்டாவது சிம் வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன், ஜன்னலில் நின்று அந்தக் கம்பெனியின் டவர் எந்தக் குன்றில் இருக்கிறது என்று பாருங்கள். முதல் சிம்மின் டவர் நிற்கும் அதே கம்பத்தில் இருந்தால் வேறு கம்பெனியைத் தேடுங்கள்.